காரத்துக்கு அப்பால் பழமணம்: சிறு உற்பத்தியாளர்களின் ஊறுகாயையும் மிளகாய் சாஸையும் சுவைத்து அறிவது எப்படி?

நவி மும்பை: தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் 11 வாக்கில் மும்பையை எட்டுகிறது. அதன் பிறகு வெயில் மறைந்து காற்றில் ஈரம் ஏறிவிடும். நறுக்கிய மாங்காயும் காயவைத்த மிளகாயும் எளிதில் பூசணம் பிடிக்கும். ஆகவே, நெருள், செம்பூர், மாட்டுங்கா, தாராவி ஆகிய பகுதிகளில் ஊறுகாய் போடும் குடும்பங்களுக்கு மே மாதமே கெடு. வீட்டுத் தேவைக்குப் போடுவோருடன், பாட்டிலில் அடைத்து விற்பனை செய்யும் சிறு உற்பத்தியாளர்களும் இந்தக் கெடுவுக்குள்தான் ஆண்டு முழுவதற்குமான சரக்கைத் தயாரித்தாக வேண்டும்.

சிறு உற்பத்தியாளரின் ஊறுகாய், பெரிய நிறுவனங்களின் ஊறுகாயைவிடப் பெரும்பாலும் விலை கூடுதலாகவே இருக்கிறது. அந்தக் கூடுதல் விலைக்கு என்ன கிடைக்கிறது என்பதை வாங்குபவரின் நாக்கும் மூக்கும்தான் கண்டறிய வேண்டும். ஆனால், "நல்ல காரம்" என்ற ஒற்றைச் சொல்லோடு பலரும் நின்றுவிடுகின்றனர். காரம் எங்கிருந்து வருகிறது, பழமணம் எங்கிருந்து வருகிறது, எது கெடாமல் காக்கிறது என்பவை தெரிந்தால், நல்ல பாட்டிலைத் தேர்ந்தெடுப்பது எளிது.

வாசிச் சந்தையும் மாட்டுங்கா கடைவீதியும்

நெருளில் ஊறுகாய்த் தொழிலுக்கு ஏற்ற ஒரு வசதி அருகிலேயே உள்ளது. ரயிலில் சில நிலையங்கள் தொலைவில் இருக்கும் வாசியில், மும்பை வேளாண் விளைபொருள் சந்தைக் குழுவின் மொத்த விற்பனை வளாகம் அமைந்துள்ளது. கொங்கண் கடற்கரையின் மாம்பழங்கள் கோடையில் இங்குதான் குவிகின்றன. மசாலாப் பொருள்களுக்கென்று இவ்வளாகத்தில் தனிச் சந்தை உண்டு. பல மாநிலங்களின் வற்றல் மிளகாய் இங்கே மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிறது.

மும்பைத் தமிழர்களின் பழைய மையம் மாட்டுங்கா. தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932-ஆம் ஆண்டு அங்கேதான் தொடங்கப்பட்டது. மாட்டுங்கா ரயில் நிலையத்தை ஒட்டிய கடைவீதியில் வாழை இலை, மாவடு, நார்த்தங்காய் போன்ற தென்னகப் பொருள்கள் இன்றும் பருவத்துக்குப் பருவம் விற்பனைக்கு வருகின்றன. 1970-இல் சிட்கோ நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டு நவி மும்பை உருவான பிறகு, தமிழ்க் குடும்பங்கள் பல கழிமுகத்தைக் கடந்து நெருள், வாசி பகுதிகளில் குடியேறின. தென்னிந்தியக் கல்விச் சங்கத்தின் வளாகமும் நெருளில் எழுந்தது.

குடும்பங்கள் இடம் மாறியபோது ஊறுகாய் ஜாடியும் உடன் வந்தது. ஆனால், ஊரில் இருந்த முற்றமும் மொட்டை மாடியும் அடுக்குமாடிக் குடியிருப்பில் கிடைப்பதில்லை. எனவே நகரத்து உற்பத்தியாளர்கள், சாளரத்து வெயிலுக்கு ஏற்ற அளவில் சிறு சிறு தொகுதிகளாகத் தயாரிக்கின்றனர். ஒரு தொகுதிக்கும் மறு தொகுதிக்கும் இடையே சுவையில் சிறு வேறுபாடு தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடல் கடந்து வந்த காரம்

ஊறுகாய் இந்தியாவில் மிகப் பழமையானது என்றாலும், அதில் இன்று முதன்மை பெற்றுள்ள மிளகாய் பிறகு வந்து சேர்ந்ததே. அமெரிக்கக் கண்டங்களில் தோன்றிய மிளகாயைப் போர்ச்சுகீசியர்கள் இந்தியாவுக்குக் கொண்டுவந்தனர். அதற்கு முன்பு காரத்துக்கு மிளகு, இஞ்சி, கடுகு ஆகியவையே பயன்பட்டன. மிளகு போலக் காரமாக இருந்த காய் என்பதால் தமிழில் அதற்கு மிளகாய் என்ற பெயர் அமைந்தது.

இந்தியாவிலிருந்து ஊறுகாயும் கடல் கடந்தது. 1845-இல் ஒப்பந்தத் தொழிலாளர்களாக இந்தியர்கள் டிரினிடாட் தீவில் இறங்கத் தொடங்கினர். அங்கே அவர்களின் வழித்தோன்றல்கள், துருவிய மாங்காயுடன் அந்தத் தீவின் பழமணம் மிக்க மிளகாயைச் சேர்த்துச் செய்யும் 'குச்சேலா' இன்றும் புகழ்பெற்றது. 1860-இல் சென்னையிலிருந்து 'டிரூரோ' கப்பலில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்துக்குச் சென்ற தொழிலாளர்களின் வழியிலும் மாங்காய் 'அச்சார்' அந்நாட்டில் வேரூன்றியது. பழமும் மிளகாயும் சேர்ந்த காரச் சாஸ்கள் இன்று உலகச் சந்தையில் புதுமையாகப் பேசப்படுகின்றன. மாங்காய்த் தொக்கை அறிந்த தமிழ்ச் சமையலறைக்கு அந்தச் சேர்க்கை பழக்கப்பட்டதுதான்.

காரம் என்பது என்ன?

இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு ஆகியவற்றை நாவின் சுவை மொட்டுகள் உணர்கின்றன. மிளகாயின் காரத்தை உணர்வது அவை அல்ல. மிளகாயில் உள்ள கேப்சைசின் என்னும் வேதிப்பொருள், சூட்டையும் வலியையும் உணரும் நரம்பு முனைகளைத் தூண்டுகிறது. ஆகையால்தான் மிளகாயைக் கடித்தவுடன் வாய் "எரிகிறது". இந்த உணர்வுக்குக் காரணமான ஏற்பியை அமெரிக்க அறிவியலாளர் டேவிட் ஜூலியஸ் 1997-இல் அடையாளம் கண்டார். 2021-ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு அவருக்கும் ஆர்டெம் பட்டபூட்டியானுக்கும் பகிர்ந்து வழங்கப்பட்டது.

காரம் முழுவதும் விதையில்தான் உள்ளது என்ற பொதுவான எண்ணம் சரியன்று. விதைகளைத் தாங்கி நிற்கும் வெண்ணிறத் தண்டுப் பகுதியில்தான் கேப்சைசின் பெரும்பாலும் உருவாகிறது. அதை ஒட்டியிருப்பதால் விதைக்கும் காரம் ஏறுகிறது. பழமணத்தைக் காத்துக் காரத்தை மட்டும் குறைக்க விரும்பும் தயாரிப்பாளர், அந்த வெண்ணிறப் பகுதியை நீக்கிவிட்டுச் சதையைப் பயன்படுத்தலாம்.

காரத்தை அளக்கும் ஸ்கோவில் அளவுகோலை அமெரிக்க மருந்தியலாளர் வில்பர் ஸ்கோவில் 1912-இல் வகுத்தார். மிளகாய்ச் சாற்றைச் சர்க்கரை நீரில் கலந்துகொண்டே சென்று, எத்தனை மடங்கு கலந்த பிறகு காரம் தெரியாமல் போகிறது என்று சுவைப்போரைக் கொண்டு கணக்கிட்டார். குடமிளகாய்க்கு அளவு பூஜ்ஜியம். குண்டூர் சன்னம் மிளகாய்க்குச் சுமார் 35,000 முதல் 40,000 வரை. வடகிழக்கு மாநிலங்களின் 'பூத் ஜோலோகியா' 10 லட்சத்தைத் தாண்டி, 2007-இல் கின்னஸ் பதிவில் இடம் பெற்றது. ஆனால், இந்த எண் காரத்தின் அளவை மட்டுமே தெரிவிக்கிறது. மணத்தைப் பற்றியோ சுவையைப் பற்றியோ எதுவும் கூறுவதில்லை.

பழமணம் எங்கிருந்து வருகிறது?

தாவரவியல் நோக்கில் மிளகாயும் ஒரு பழமே. பழுத்த மிளகாயில் பழங்களுக்கு மணம் தரும் வேதிப்பொருள்கள் சில இயற்கையாகவே உள்ளன. 'கேப்சிகம் சைனென்ஸ்' என்னும் இனத்தில் இவை மிகுதி. கரீபியத் தீவுகளின் 'ஸ்காட்ச் பானட்', மெக்சிகோவின் 'ஹாபனேரோ' ஆகியவை இந்த இனத்தைச் சேர்ந்தவை. நாகா மிளகாயும் இதற்கு நெருங்கிய உறவுடையது. இவற்றை முகர்ந்தால் பழக்கூடையின் மணம் எழும். கடித்தால் கடும் காரம் தாக்கும்.

நமது ஊறுகாய்களில் பெரிதும் பயன்படும் மிளகாய்கள் வேறு இனத்தைச் சேர்ந்தவை என்றாலும், அவற்றுக்கும் தனித்தனிக் குணங்கள் உண்டு. 2011-இல் புவிசார் குறியீடு பெற்ற கர்நாடகத்தின் பியாடகி மிளகாய் சுருக்கம் மிகுந்தது. காரம் குறைவு, நிறம் ஆழம், மணத்தில் உலர்பழத்தின் சாயல். குண்டூர் மிளகாய் கூர்மையான காரம் கொண்டது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாய் உருண்டை வடிவும் தடித்த தோலும் உடையது. கேரளத்திலும் தென் தமிழகத்திலும் வழங்கும் காந்தாரி மிளகாய் உருவில் சிறியது, காரத்தில் பெரியது.

எந்த மிளகாயைச் சேர்த்தார் என்று கேட்டால் தயங்காமல் பதில் சொல்லும் உற்பத்தியாளர், மூலப்பொருளைத் தாமே தேர்ந்தெடுக்கிறார் என்று பொதுவாகக் கருதலாம்.

காயா, பழமா?

ஊறுகாய்க்குப் பெரும்பாலும் புளிப்பு மிக்க மாங்காயே ஏற்றது. 2018-இல் புவிசார் குறியீடு பெற்ற கொங்கண் அல்போன்சா பழமாக உண்ணப் புகழ்பெற்றது. குஜராத்தியர்கள் துருவிய மாங்காயைச் சர்க்கரையுடன் வெயிலில் வைத்துப் பக்குவப்படுத்தும் 'சுந்தா'வும், மராட்டியர்கள் பச்சை மிளகாயை இடித்துச் செய்யும் 'டேச்சா'வும் மும்பைக் கடைகளில் ஆவக்காய்க்கு அருகிலேயே அடுக்கப்பட்டிருக்கின்றன. கொங்கணின் களாக்காய் ஊறுகாய் தமிழகத்துக் களாக்காய் ஊறுகாயை நினைவூட்டும். அண்மைக் காலத்தில் பழுத்த மாம்பழம், அன்னாசி, கொய்யா ஆகியவற்றுடன் மிளகாயை அரைத்த சாஸ்களும் சந்தைக்கு வருகின்றன.

இங்கே சுவையும் பாதுகாப்பும் ஒன்றோடொன்று பிணைந்துள்ளன. மாங்காயில் இயற்கையாகவே அமிலம் மிகுதி. பழுக்கப் பழுக்க அமிலம் குறைந்து இனிப்பு கூடுகிறது. எனவே, மாங்காய்த் தொக்கில் தானே அமையும் பாதுகாப்பு, பழுத்த மாம்பழ சாஸில் அமைந்துவிடும் என்று நம்ப இயலாது. அதற்கு எலுமிச்சைச் சாறோ வினிகரோ அளந்து சேர்க்கப்பட வேண்டும். இனிப்பு காரத்தைத் தணித்துக் காட்டும் என்பதால், பழ சாஸில் காரம் முதலில் குறைவாகத் தோன்றி, சில நொடிகள் கழித்து உயரும்.

சுவைக்கும் முறை

பல ஊறுகாய்களை ஒரே அமர்வில் சுவைத்து ஒப்பிட விரும்புவோர் சில ஒழுங்குகளைப் பின்பற்றினால் போதும்.

முதலாவது, காரம் குறைந்ததில் தொடங்கிக் காரம் மிகுந்ததில் முடிக்க வேண்டும். வரிசை மாறினால் எரிச்சலில் மெல்லிய மணங்கள் மறைந்துவிடும். ஒரே அமர்வில் ஐந்து, ஆறு வகைகளுக்கு மேல் போகாமல் இருப்பது நன்று.

இரண்டாவது, நாக்கில் வைப்பதற்கு முன் முகர வேண்டும். நல்ல மாங்காய் ஊறுகாயில் மாங்காயின் மணம் முதலில் எழ வேண்டும். அதன் பின்னே நல்லெண்ணெய், பெருங்காயம், வெந்தயம் ஆகியவை வர வேண்டும். எண்ணெய்ச் சிக்கு வாடை வந்தால் எண்ணெய் கெட்டிருக்கிறது. புளித்த மணம் சில வகைகளுக்கு இயல்பு. அழுகல் வாடை எதற்கும் இயல்பு அன்று.

மூன்றாவது, ஊறுகாயை வெறும் சோற்றுடனோ உப்பு குறைந்த இட்லியுடனோ சிறிதளவு எடுத்து மெல்ல வேண்டும். மெல்லும்போது மூச்சை மூக்கு வழியாக வெளியே விட்டால், தொண்டையின் பின்புறமாக மணம் மூக்கை எட்டும். பழமணம் தெளிவாகப் புலப்படுவது இந்த நிலையில்தான்.

நான்காவது, காரம் எப்போது வருகிறது, எங்கே எரிகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனிக்க வேண்டும். கடுகின் காரம் ஆவியாகி மூக்கில் ஏறி உடனே அடங்கும். மிளகாயின் காரம் தாமதமாக வந்து நீடிக்கும். ஆவக்காயில் இவ்விரண்டும் அடுத்தடுத்து வருவதைப் பிரித்து உணரலாம்.

ஐந்தாவது, அடுத்த வகைக்குச் செல்லும் முன் தயிரோ மோரோ அருந்த வேண்டும். கேப்சைசின் கொழுப்பில் கரையும். நீரில் எளிதில் கரையாது. எனவே தண்ணீர் எரிச்சலைத் தணிக்காமல் வாயெங்கும் பரப்பவே செய்யும். பாலில் உள்ள கேசின் என்னும் புரதம் கேப்சைசினைப் பிணைத்து அகற்றுகிறது. தயிர்ச்சோற்றுக்கு ஊறுகாய் தொட்டுக்கொள்ளும் வழக்கத்தில் இந்த அறிவியல் உள்ளடங்கியுள்ளது.

கெடாமல் காப்பவை மூன்று

உப்பு, புளிப்பு, எண்ணெய் ஆகிய மூன்றும் ஊறுகாயைக் காக்கின்றன. உப்பு காயிலுள்ள நீரை வெளியே இழுத்து, நுண்ணுயிர்கள் வளர முடியாதபடி செய்கிறது. உப்பு நீரில் ஊறும் ஊறுகாயில் 12 சதவீதத்துக்குக் குறையாமல் உப்பு இருக்க வேண்டும் என்றும், வினிகரில் ஊறும் ஊறுகாயில் அமிலம் 2 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்றும் இந்திய உணவுத் தர விதிகள் வரையறுத்துள்ளன. எண்ணெய் ஊறுகாயில், காய்களுக்கு மேல் அரை சென்டிமீட்டர் உயரத்துக்கு எண்ணெய் நிற்க வேண்டும் அல்லது மொத்தத்தில் 10 சதவீதமாவது எண்ணெய் இருக்க வேண்டும்.

எண்ணெய் காற்றைத் தடுத்துப் பூசணத்தைத் தடுக்கிறது. ஆயினும் காற்றில்லாத இடத்திலேயே வளரக்கூடிய ஆபத்தான நுண்ணுயிர் ஒன்று உண்டு. போட்டுலிசம் என்னும் கொடிய நச்சுப் பாதிப்பை ஏற்படுத்தும் அந்த நுண்ணுயிர், அமிலம் போதிய அளவில் இருந்தால் வளராது. அமிலத்தன்மையைக் குறிக்கும் பி.எச். அளவு 4.6-க்குக் கீழே இருப்பதே அதற்கான எல்லை. புளிப்பு சேர்க்காமல் பூண்டையும் பச்சை மிளகாயையும் எண்ணெயில் மூழ்கவைத்து வெளியே வைத்திருப்பது இதனால்தான் ஆபத்தானது. இந்த ஆபத்தை மணத்தாலோ நிறத்தாலோ கண்டறிய முடியாது. பொறுப்புள்ள சிறு உற்பத்தியாளர்கள் ஒவ்வொரு தொகுதியின் பி.எச். அளவையும் கருவி கொண்டு அளந்து குறித்து வைக்கின்றனர்.

உப்பு காக்கிறது என்பதற்காக அளவின்றி உண்ணலாகாது. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு போதும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. 12 சதவீத உப்பு கொண்ட ஊறுகாயில் 15 கிராம் உண்டால், அதிலேயே ஏறத்தாழ 1.8 கிராம் உப்பு சேர்ந்துவிடுகிறது.

பாட்டிலில் பார்க்க வேண்டியவை

2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டத்தின்படி, வீட்டிலிருந்து தயாரித்து விற்பவரும் பதிவு பெற வேண்டும். 14 இலக்கப் பதிவு எண், சேர்மானங்களின் பட்டியல், நிகர எடை, தயாரித்த நாள் ஆகியவை பாட்டிலில் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். சேர்மானங்கள் அளவில் மிகுந்ததிலிருந்து குறைந்தது வரை வரிசையாக எழுதப்படும். மாங்காய்த் தொக்கின் பட்டியலில் எண்ணெயோ சர்க்கரையோ முதலிடத்தில் இருந்தால், வாங்குபவர் எதற்குப் பணம் தருகிறார் என்பது விளங்கும். ஐ.என்.எஸ். 211 என்ற குறியீடு சோடியம் பென்சோயேட் என்னும் பாதுகாப்புப் பொருளைக் குறிக்கிறது. அது அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் சேர்க்கப்படுவது விதிமீறல் அன்று.

மிளகாய்த் தூளில் கலப்படம் என்பது தனிக் கவலை. துணி, மெழுகு ஆகியவற்றுக்குப் பயன்படும் சூடான் சாயம் கலந்த மிளகாய்த் தூள் ஒரு சாஸில் சேர்ந்திருந்ததால், 2005-இல் பிரிட்டனில் நூற்றுக்கணக்கான உணவுப் பொருள்கள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. தண்ணீரில் மிளகாய்த் தூளைத் தூவினால், நீரில் கரையும் செயற்கை நிறம் கோடுகளாக இறங்குவதைக் காணலாம். ஆனால் சூடான் சாயம் எண்ணெயில் கரைவது. அதை ஆய்வகமே கண்டறியும். முழு வற்றலாக வாங்கித் தாமே அரைத்துக்கொள்ளும் சிறு உற்பத்தியாளருக்கு இந்த அச்சம் பெருமளவு குறைகிறது. அவருடைய கூடுதல் விலைக்கு அந்த உழைப்பும் ஒரு காரணம்.

கைத்தொழிலும் வருவாயும்

சமையலறைத் திறனை வருவாயாக மாற்றுவதில் மும்பைப் பெண்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1959-ஆம் ஆண்டு மார்ச் 15 அன்று, தெற்கு மும்பையின் கிர்காவில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடனில் அப்பளம் இடத் தொடங்கினர். அதுவே லிஜ்ஜத் அப்பளமாக வளர்ந்தது. நிறுவனர்களில் ஒருவரான ஜஸ்வந்திபென் ஜம்னாதாஸ் போபட்டுக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. தாராவியின் குறுகிய சந்துகளில் கவிழ்த்த கூடைகளின் மேல் அப்பளம் உலர்த்தும் பெண்களை இன்றும் காணலாம்.

ஊறுகாய், சாஸ் போன்றவற்றைத் தயாரிக்கும் குறு நிறுவனங்களுக்காக மத்திய அரசு 2020-இல் ரூ.10,000 கோடி ஒதுக்கீட்டில் குறு உணவு பதப்படுத்தும் நிறுவனங்களை முறைப்படுத்தும் திட்டத்தைத் தொடங்கியது. இத்திட்டத்தில் கடனுடன் இணைந்த 35 சதவீத மானியம், ரூ.10 லட்சம் உச்சவரம்பில் வழங்க வகை செய்யப்பட்டது. சுய உதவிக் குழு உறுப்பினர் ஒருவருக்கு ரூ.40,000 வரை தொடக்க மூலதனம் அளிக்கவும் வழிவகுக்கப்பட்டது.

எனினும், சிறு உற்பத்தியாளரின் உண்மையான மூலதனம் வாடிக்கையாளரின் நம்பிக்கையே. பெரிய நிறுவனம் ஒரு தொகுதி கெட்டாலும் தாங்கிக்கொள்ளும். ஒரு மே மாதத்து உழைப்பை ஆண்டு முழுவதும் விற்கும் குடும்பத்துக்கு, கெட்டுப்போன பத்து பாட்டில்கள் அந்தக் கட்டிடத்தின் வாடிக்கையாளர்கள் அனைவரையும் இழக்கச் செய்யக்கூடும். ஆகவே, வாங்கிய ஊறுகாயில் உப்பு மிகுந்ததா, மாங்காய் நைந்ததா, எண்ணெய் கசந்ததா என்று உற்பத்தியாளரிடம் நேரில் தெரிவிப்பது குறை கூறுவதாகாது. அடுத்த தொகுதியைத் திருத்த அதுவே அவருக்குக் கிடைக்கும் ஆய்வறிக்கை.

ஒரு பாட்டிலைத் திறந்ததும் உலர்ந்த கரண்டியையே பயன்படுத்துவதும், எடுத்த பின் காய்களை எண்ணெய்க்குள் அழுத்தி மூடுவதும் வாங்குபவரின் பங்கு. மும்பையின் மழைக்கால ஈரத்தில் ஈரக் கரண்டி ஒன்றே ஒரு நல்ல ஊறுகாயைக் கெடுக்கப் போதுமானது. இந்தக் கவனம் இருந்தால், மே மாதத்தில் நெருளில் ஜாடியில் இட்ட மாங்காயின் மணம் அடுத்த பங்குனி வரை தயிர்ச்சோற்றுக்குத் துணை நிற்கும்.